ஓடக்காரியை நான் மூழ்கடித்த கதை

மாத்தளை தனியார் பஸ் நிலையத்தில் நான் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும், வழியில் எவன் எவனை முந்தினான் என்பதையெல்லாம் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய கூண்டுக்குள் உட்கார்ந்து எழுதி வைப்பது வேலை. பதினோரு வருடம் ஆகிறது. டிரைவர்கள் சொல்லும் காரணத்தை அப்படியே நம்பினால் இந்த வேலையை ஒரு நாள்கூடச் செய்ய முடியாது. "டயர் பங்ச்சர் மாத்தயா, அதான் லேட்டு" என்பார்கள், சிங்களத்தில் ஐயா என்று மரியாதையாகக் கூப்பிட்டு. இறங்கிப் போய்ப் பார்ப்பேன். நட்டுகளில் துரு அப்படியே இருக்கும். யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள். நாவுலயில் ஆள் ஏற்றுவதற்காகக் கால்மணி நேரம் நின்றிருப்பார்கள். இப்படிப் பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கும் என்று நினைப்பது எனக்குப் பழகிப்போனது. அந்தப் பழக்கத்தால் ஒரு பெண்ணுக்கு நான் செய்த அநியாயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொரோனா காலத்தில் பஸ் ஓடாத மாதங்களில் நான் ஒரு விளையாட்டை ஆரம்பித்தேன். படமோ சத்தமோ இல்லாத விளையாட்டு, எல்லாம் எழுத்து. போனில் ஒரு குழு. அதில் நான் ஒரு நாட்டை எழுதினேன். ஏழு குளங்கள் உள்ள நாடு. ஒவ்வொரு குளத்தின் அடியிலும் ஓர் ஊர் உறங்குகிறது. குளம் வற்றினால் அந்த ஊர் விழித்துக்கொள்ளும். விழித்தவர்கள் கரையேறி வந்து, மேலே இருப்பவர்களின் வீடுகளை எங்கள் வீடு என்று கேட்பார்கள். குளங்கள் வற்றாமல் காப்பது ஒரு மதகுச் சாவி. அந்தச் சாவியை யாரோ திருடிவிட்டார்கள். கதை அங்கே தொடங்கியது.

குழுவில் சேர்கிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் எழுதுவார்கள். ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் பதில் எழுத, கதை நகரும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் கூடுவோம். மற்ற நாட்களில் நேரம் கிடைத்தவர்கள் எழுதுவார்கள். ஒன்பது பேர் இருந்தார்கள்.

எனக்குப் பாத்திரம் கிடையாது. நான் ஒருங்கிணைப்பாளர். இந்த வாரம் எந்தெந்தப் பாத்திரம் எந்தக் குளத்தில் நிற்கிறது, யாருக்கு வேலை, யாருக்குப் பரீட்சை, யார் வராவிட்டால் அவருடைய பாத்திரத்தை எங்கே தூங்கவைப்பது என்பதையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். எல்லாவற்றையும்விட முக்கியமானது ரகசியங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு ரகசியம் உண்டு. அது அந்தப் பாத்திரத்தை எழுதுபவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அந்த ரகசியம் முன்கூட்டியே வெளியே போய்விட்டால் விளையாட்டு செத்துப்போகும்.

ஒன்பது பேரில் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள் நான்கு பேர். கலேவெலயில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், காவல் தலைவனை எழுதினார். முதல் நாளிலிருந்து என்னோடு இருந்தவர், எனக்கு அடுத்த ஆள். மாத்தளை டவுனில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா அரண்மனை வைத்தியரை எழுதினார். நாலந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியர், எங்களுக்கு அவர் சேர், ஒரு பேசும் நாரையை எழுதினார். நாற்பது வருடம் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினவர் அல்லவா, நாரைகூட இலக்கணம் தவறாமல் பேசும். நான்காவது ஆள் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிற பெண். ஒரு வருடம் கழித்துத்தான் சேர்ந்தார். அவர் எழுதியது ஓடக்காரி. என்னை அண்ணா என்று கூப்பிட்டார், நான் தங்கச்சி என்றேன்.

நானாவையும் அக்காவையும் நேரில் தெரியும். சேரின் குரலைப் போனில் கேட்டிருக்கிறேன். சீகிரியாத் தங்கச்சியை மட்டும் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. மாதத்தில் ஒரு முறை எல்லோரும் குரலில் பேசுவோம். அவர் வருவார், கேட்டுக்கொண்டே இருப்பார், பதிலை எழுத்தில் போடுவார். "ஏன் பேச மாட்டேங்கிறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "எழுதுறதுதான் எனக்கு வசதி அண்ணா" என்று வந்தது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஓடக்காரியைப் போல யாரும் எழுதவில்லை. ஓடத்தில் ஏறுபவர்களின் கால்களைப் பார்த்தே அவர்கள் எந்த ஊர் என்று சொல்லிவிடுவாள். அவள் வந்த பிறகுதான் எங்கள் நாட்டில் தண்ணீர் உண்மையிலேயே ஈரமாக இருந்தது.

குழப்பம் வைத்தியரில் தொடங்கியது. அரண்மனை வைத்தியர்தான் இளவரசனுக்குக் கஞ்சியில் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வைக்கிறார். இது தையல் அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஆறு மாதம் கழித்து வெளிப்பட வேண்டிய விஷயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக் காட்சி. வைத்தியர் நாரைக்கு ஒரு கிண்ணம் நீட்டினார். சேரின் நாரை எழுதியது: "வைத்தியரே, உமது கை தொட்ட கஞ்சியை நான் அருந்தேன்."

எனக்குக் காது சூடேறியது. சேருக்குத் தனியாக எழுதினேன்.

"சேர், நாரைக்கு அது எப்படித் தெரியும்?"

"எல்லாம் நீங்க எழுதினதுதானே" என்று பதில் வந்தது, ஒரு சிரிப்புப் பொம்மையோடு.

கதையில் நான் விட்ட தடயங்களைப் படித்துக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நம்பவில்லை. சேர் நல்ல மனிதர், ஆனால் தடயம் பிடிக்கிற ஆள் இல்லை. போன வருடம் இளவரசியின் இரட்டைச் சகோதரி வந்தபோது மூன்று வாரம் இரண்டு பேரையும் ஒருவர் என்றே நினைத்து எழுதியவர். அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

யார் என்று யோசித்தபோது, இரண்டு வாரத்துக்கு முன் சீகிரியாத் தங்கச்சி எனக்குத் தனியாக எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. "அண்ணா, வைத்தியர்தானே? சொல்லாட்டிப் பரவாயில்ல." அப்போது நான் பதில் போடவில்லை. இப்போது திரும்பப் படித்தபோது அந்தக் கேள்வி எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. ஏற்கெனவே தெரிந்தவர் தெரியாததுபோலக் கேட்டு ஆழம் பார்த்திருக்கிறார்!

அந்த நாளிலிருந்து நான் பஸ்களைக் கவனிப்பதுபோல அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். எந்த நேரத்தில் குழுவுக்கு வருகிறார் என்று கூண்டில் எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்து, கொப்பியை வீட்டுக்கும் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட்டால், பகல் இரண்டிலிருந்து மூன்றுக்குள். அதற்கு வெளியே கிட்டத்தட்ட இல்லை. ஹோட்டலில் வேலை செய்கிறவருக்கு அப்படி என்ன ஒரு மணி நேரம்? நானாவும் அந்த நேரத்தில்தான் சந்தை முடிந்து எழுதுவார். இருவருமே வசனத்தின் கடைசியில் "சரியா" என்று போடுவார்கள். இரண்டும் ஒரே ஆளோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறுநாள் இருவரும் ஒரே நிமிடத்தில் எழுதியதைப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணத்தை விட்டேன். விட்டேன் என்றும் சொல்ல முடியாது. ஒருவரிடம் இரண்டு போன் இருக்கலாமே.

தம்புள்ளைப் பக்கம் போகிற பஸ்ஸின் கொண்டக்டர் ஒருவர் சீகிரியாக்காரர். அவரிடம் அந்த ஹோட்டலைச் சொல்லி, அங்கே நம்ம ஆளுங்க யாராவது வேலை செய்கிறார்களா என்று விசாரித்தேன்.

"நாலஞ்சு பொம்பளைங்க இருக்காங்க மாத்தயா. எல்லாம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்துலருந்து வந்தவங்க. ஏன், கல்யாணப் பேச்சா?"

"சும்மாதான்" என்றேன். கொண்டக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் எத்தனையோ பேரைப் பார்த்த பார்வை அது. என்மேல் விழுந்தபோது உறைத்தது, ஆனால் நிறுத்தத் தோன்றவில்லை.

வீட்டிலும் அப்படித்தான் ஆனது. என் மனைவி முன்பள்ளியில் ஆசிரியை. மத்தியானம் வந்துவிடுவார். எனக்கு ஓய்வு நாளாக இருந்தால் நான் போனோடு உட்கார்ந்திருப்பேன். அவர் பக்கத்தில் வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பேன். ரகசியங்கள் இருக்கிற போன் அல்லவா? அவர்கூட யாரிடமாவது பேச்சுவாக்கில் சொல்லியிருக்கலாம் என்றும் ஒரு சந்தேகம்.

"ஏங்க, ஒன்னு கேட்பேன், உண்மையச் சொல்லணும்" என்றார் ஒரு நாள், மேசையில் சோற்றை வைத்துவிட்டு. "அந்த சீகிரியாப் பொம்பள யாரு?"

"விளையாட்டுல இருக்கிற தங்கச்சி."

"தங்கச்சிக்கு என்னத்துக்கு நேரம் குறிச்சு வைக்கிறீங்க? கொப்பியப் பார்த்தேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். விஷம், கஞ்சி, நாரை எல்லாம். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ளகிட்டயே நேரா கேட்டீங்களா?"

"கேட்டா உண்மையச் சொல்வாங்களா?"

"கேக்காமலே பொய்யின்னு முடிவு பண்ணிட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

நேராகக் கேட்காமல் நான் ஒரு பொறி வைத்தேன். திருடுபோன மதகுச் சாவி எங்கே இருக்கிறது என்பதை மூன்று பேருக்குத் தனித்தனியாகச் சொன்னேன், ஒவ்வொருவரிடமும் இது உங்களுக்கு மட்டும் என்று. கலேவெல நானாவிடம் ஆலமரப் பொந்து என்றேன். தையல் அக்காவிடம் பாழடைந்த கிணறு. சீகிரியாத் தங்கச்சியிடம் படித்துறையின் மூன்றாவது படிக்கு அடியில். மூன்றும் பொய். எந்த இடத்தை நாரை தேடிப் போகிறதோ, அந்த இடத்தைக் கேட்டவர்தான் சேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். யாருக்கு எதைச் சொன்னேன் என்பது மறந்துவிடக் கூடாது என்பதற்காக அட்டவணையில் என்னுடைய பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

அந்த அட்டவணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழுவில் எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஓர் அட்டவணை இருந்தது. பாத்திரங்கள் எங்கே நிற்கின்றன, அடுத்த காட்சி எப்போது என்பதையெல்லாம் அதில் போடுவேன். அவரவர் பாத்திரத்தின் வரியை அவரவரே திருத்துவார்கள். அதற்குள்ளேயே ரகசியங்களுக்கு ஒரு தனிப் பக்கம் வைத்து, அதை மறைத்து வைத்திருந்தேன். போனில் திறந்தால் அந்தப் பக்கம் தெரியாது. நானே பல தடவை சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

பொறி வைத்த ஒன்பதாம் நாள், ஒரு ஞாயிறு. எல்லோரும் கூடியிருந்தோம். சேரின் நாரை சிறகை விரித்துப் பறந்து, எங்கும் நிற்காமல், படித்துறையில் இறங்கி, மூன்றாவது படியை அலகால் கொத்தியது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்கத் தேவையில்லை, அப்போது எனக்கு வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். நான் சந்தேகப்பட்டது சரி. சேருக்குச் சங்கடம் வேண்டாம் என்று அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாவம் மனிதர், யாரோ சொன்னதைக் கேட்டு எழுதுகிறார் என்று நினைத்தேன். எல்லோர் முன்னாலும் எழுதினேன்: "இந்த நாட்டின் ரகசியங்களைத் திருடி வெளியே கொடுத்த ஒருவர் நம்மோடு இருக்கிறார். இன்றோடு அவர் இங்கே இல்லை." அதற்குக் கீழே கதையில் இரண்டு வரி: "நடுக்குளத்தில் ஓடம் கவிழ்ந்தது. ஓடக்காரி மேலே வரவில்லை."

சீகிரியாத் தங்கச்சி உடனே எழுதினார். "அண்ணா நான் யாருக்கும் ஒன்னும் சொல்லல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அதற்குப் பதில் எழுதாமல் அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன்.

"பாவம் அந்தப் புள்ள" என்று தையல் அக்கா எழுதினார். நானா ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். சேரின் நாரை மூன்று நாள் குளத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து ஓடக்காரியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இருவருக்கும் நெருக்கம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல். தம்புள்ளையிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கி, நேராக என் கூண்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ஃபைல்.

"டைம் கீப்பர் நீங்கதானே? நாந்தான் நாரை" என்றார்.

பக்கத்தில் டிக்கட் எழுதிக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவரை எதிரே இருந்த பேக்கரிக்குக் கூட்டிப் போனேன். இரண்டு பிளேன் டீ சொன்னேன். அவர் கண் டாக்டரிடம் வந்திருந்தார். வந்த கையோடு என்னையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாராம்.

"எனக்குப் போன்ல எழுத்துத் தெரியாது தம்பி, கண்ணு அப்படி. குழுவுல வர்றத மகள் வாசிச்சுச் சொல்லும், எழுதுறதெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவ அடிக்கிறது. அட்டவணைய நானே படிக்கிறதுக்கு, எங்க ஸ்கூல் ஆபீஸ்ல ஒரு மிஸ் இருக்காங்க, திங்கக்கிழமை திங்கக்கிழமை அத கம்ப்யூட்டர்ல எடுத்துப் பெரிய எழுத்துல பிரிண்ட் போட்டுத் தருவாங்க. எல்லாப் பக்கமும். இங்க பாருங்க."

ஃபைலைத் திறந்தார். தாள்கள் ஒழுங்காகத் தேதி வாரியாக அடுக்கியிருந்தன. சில வரிகளுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு. ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுல மட்டும் எனக்கு ஒரு சந்தேகம். சாவிக்கு மூணு இடம் போட்டிருக்கீங்க. காவல் தலைவன் ஆலமரம், வைத்தியர் கிணறு, ஓடக்காரி படித்துறை. எது சரி? என் நாரைக்குக் கிட்ட இருந்தது படித்துறைதான், அதனால அங்க போனேன். அன்னைக்குப் பாத்து அந்தப் புள்ளைய முழுகடிச்சிட்டீங்க. நான் ஏதாச்சும் பிழையா எழுதிட்டேனா?"

அது என் மறைத்த பக்கம். வைத்தியரின் விஷம், இளவரசனின் பிறப்பு, சாவி, பொறி எல்லாம் பெரிய எழுத்தில், டீக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"சேர், இந்தப் பக்கம் மறைச்சு வச்சது" என்றேன்.

"மறைச்சதா? தலைப்பு ஒன்னும் போடலையே. மிஸ் எல்லாத்தையும் திறந்துதான் பிரிண்ட் எடுப்பாங்க, கவனமான ஆள்." அவர் முகம் மெல்ல மாறியது. "அப்ப இதெல்லாம் நான் பாக்கக் கூடாததா? நான் அப்பவே சொன்னேனே தம்பி, எல்லாம் நீங்க எழுதினதுதானேன்னு."

அவர் கை தாளைத் தானாகவே கவிழ்த்து வைத்தது. டீயைத் தொடாமல் எழுந்தார். "அப்ப அந்தப் பொண்ணு?" என்றார். அவர் ஒன்றும் செய்யவில்லை என்று நான் தலையை ஆட்டினேன். கண் டாக்டருக்கு நேரமாகிவிட்டது என்று போனார்.

அன்று மாலை வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "நான் சொல்லல?" என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். "புதன்கிழமை லீவு போட்டுப் போயிட்டு வாங்க. போன்ல மன்னிப்புக் கேக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

தம்புள்ளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து சீகிரியாவுக்கு இன்னொன்று. இனாமலுவைச் சந்தியில் திரும்பிய பிறகு பஸ்ஸில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள். ஹோட்டலின் முன்வாசலில் என்னை நிறுத்திய காவலாளி, நான் சொன்னதைக் கேட்டு, வேலைக்காரர்கள் வருகிற பின்கதவுக்குப் போகச் சொன்னார். அங்கே துணிகள் வெளுக்கிற இடம். வாசலில் நிற்கும்போதே இயந்திரங்களின் இரைச்சலும் சவர்க்கார வாசனையும் வந்தன. அப்போது மணி இரண்டு ஆகப் பத்து நிமிடம் இருந்தது. நான்தான் நேரம் குறித்து வைத்தவன் ஆயிற்றே. காத்திருந்தேன்.

இரண்டு மணிக்கு நான்கு பெண்கள் வெளியே வந்தார்கள். நான் இருபத்தைந்து வயதுப் பெண்ணைத் தேடினேன். நான் சொன்ன பெயரைக் கேட்டுப் பின்கதவுக் காவலாளி கைகாட்டியது ஐம்பதை நெருங்கும் ஒருவரை. நரைத்த கொண்டை, நீல யூனிபோம், விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"நான் மாத்தளையிலருந்து வர்றேன். அந்த விளையாட்டு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாவா? நீங்க என் தம்பி வயசுல்ல இருப்பீங்க."

சுவரோரம் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்தோம். அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறி வைத்ததையும், கொப்பியில் நேரம் குறித்ததையும், கொண்டக்டரிடம் விசாரித்ததையும்கூட.

"வைத்தியர்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கடைசியில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டேன்.

"வைத்தியர் மட்டும்தான் கை கழுவிக்கிட்டே இருக்கார். அந்த அக்கா ஒவ்வொரு தடவையும் எழுதுறாங்க. இளவரசனைப் பார்க்குறதுக்கு முன்னாடி கழுவுனா அது வைத்தியம். பார்த்துட்டு வந்து கழுவுனா வேற என்னமோ இருக்குல்ல? நான் இருபது வருஷமா மத்தவங்க துணியத் துவைக்கிறேன். ஒரு மேசைத் துணியப் பாத்தா அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லிருவேன்."

பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னும் என்னமோ இருக்கு உங்க மனசுல. என்னன்னு கேளுங்க."

"குரல்ல ஒரு நாளும் பேசலையே" என்றேன்.

"போன் துணித் தொட்டியில விழுந்துருச்சு. எனக்குக் கேக்கும், நான் பேசுறது அந்தப் பக்கம் கேக்காது. அதச் சொன்னா யாராச்சும் போன் வாங்கித் தர்றேன்னு வருவாங்க. எனக்கு அது வேணாம்." என் பார்வை அவர் யூனிபோம் பைக்குப் போனது. அவர் "நம்பலைல்ல?" என்று சொல்லித் தன் போனை எடுத்து என்னை அழைத்தார். என் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் "கேக்குதா, கேக்குதா" என்று சொல்வது ஒரு காதில் கேட்டது. போன் வைத்த காதில் ஒன்றும் வரவில்லை.

அந்தப் பலகையில் எனக்கு வந்த வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் சாட்சி வாங்கிக்கொண்டு நின்றேன்.

"திரும்ப வாங்க" என்றேன். "நான் கதைய மாத்தி எழுதுறேன். ஓடக்காரி சாகலைன்னு."

"அவளுக்கு நீந்தத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது. "பொறந்ததுலருந்து தண்ணியில கெடக்குறவ. ஒரு ஓடம் கவுந்தா செத்துருவாளா? என்னைத் திருடின்னு சொன்னதக்கூட விடுங்க. அவள அப்படிப் பொருந்தாம சாகடிச்சீங்களே, அதுதான் எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல." முந்தானை இல்லாத யூனிபோமின் கைப்பட்டியால் முகத்தைத் துடைத்தார். "இனிமே மாத்தாதீங்க. மாத்துனா அதுவும் பொய்யா இருக்கும். எல்லாருக்கும் முன்னால திருடின்னீங்க. எல்லாருக்கும் முன்னால இல்லன்னு சொல்லுங்க. அது போதும்."

மூன்று மணிக்கு மணி அடித்தது. அவர் பிரிக்காத சோற்றுப் பொட்டலத்தோடு எழுந்து உள்ளே போனார்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு எல்லோர் முன்னாலும் எழுதினேன். ரகசியம் என்னுடைய கவனக்குறைவால்தான் வெளியே போனது, சேர்மேல் எந்தத் தவறும் இல்லை, ஓடக்காரியை எழுதியவர் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. பொறி வைத்ததையும் எழுத வேண்டியிருந்தது. மூன்று பேருக்கு மூன்று பொய் சொன்னேன் என்று எழுதி அனுப்பினேன்.

சாயந்திரம் கலேவெல நானா எனக்குப் போன் எடுத்துப் பேசினார்.

"தம்பி, அந்த மூணு பேர்ல ஒருத்தன் நானா?"

"ஓம் நானா."

"ஆலமரம் எனக்கு மட்டும்னு சொன்னீங்க. நான் அத என் பொஞ்சாதிகிட்டகூடச் சொல்லல." அவர் குரலில் கோபம் இல்லை. "முதல் நாள்லருந்து கூட இருக்கேன். என்னையுமா?"

நானா குழுவை விட்டுப் போகவில்லை, இப்போதும் காவல் தலைவனை எழுதுகிறார். ஆனால் நான் தனியாக எதையாவது சொன்னால், "இது எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார். அதை விளையாட்டாகச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரிவதில்லை.

ரகசியங்களை வைத்துக்கொள்ள நான் தகுதியான ஆள் இல்லை என்று நானே குழுவில் சொன்னேன். வேறு யார் என்று பேச்சு வந்தபோது, சீகிரியாவில் இருக்கிறவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று சேர்தான் முதலில் எழுதினார். தையல் அக்கா அவரோடு எழுத்தில் பேசினார். ஒரு மாதம் அவர் சம்மதிக்கவில்லை. பிறகு, பாத்திரம் எதுவும் எழுத மாட்டேன், ரகசியங்களை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். அட்டவணையில் வேண்டாம், ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்கிறேன் என்றார். ஓடக்காரி செத்தது செத்ததாகவே இருக்கிறது.

இப்போது நான் நேரத்தை மட்டும் பார்க்கிறேன். யார் எப்போது வருவார்கள், எந்தக் காட்சி எந்தக் கிழமை என்பதோடு என் வேலை முடிகிறது. மதகுச் சாவி எங்கே என்று எனக்கே தெரியாது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதுகிற விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. யாரோ பழைய ஆள் வேறு பெயரில் வந்திருப்பதுபோல இருந்தது. இரண்டு நாள் அடக்கிப் பார்த்துவிட்டு, ஓடக்காரியை எழுதியவருக்கு எழுதினேன்.

பகல் இரண்டு மணிக்குப் பதில் வந்தது. "தம்பி, அந்த ஆளுகிட்டயே கேளுங்க."

கேட்டேன். கண்டியில் படிக்கும் ஒரு மாணவி. தையல் அக்காவின் கடைக்குத் துணி தைக்கக் கொடுக்க வந்தவர், அக்காதான் சேர்த்துவிட்டிருக்கிறார். அக்காவிடமும் விசாரித்துப் பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த நேரத்தில் தம்புள்ளை பஸ் ஒன்று பத்து நிமிடம் தாமதமாக வந்து நின்றது. நான் கொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.